‘அரசு’ என்ற சொல் அரசின் கோப்பில் இல்லை

ஓர் இலக்கியக் குழுவினருக்கு நகராட்சி அலுவலகத்துப் பழைய கணினியோடு என்ன வழக்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எங்கள் விடை எளியது. தமிழில் நாள் தவறாமல் எழுதுபவர்கள் கவிஞர்களும் நாவலாசிரியர்களும் மட்டுமல்லர்; அரசு அலுவலகங்களின் எழுத்தர்களும்தான். பிறப்பும் இறப்பும், வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும், மன்றத் தீர்மானமும் கட்டட அனுமதியும் அவர்கள் கையால் எழுத்தாகின்றன. அந்த எழுத்து எதில் எழுதப்படுகிறது, எத்தனை காலம் நிற்கும், எழுதிய கருவி மூப்படைந்தால் எழுத்துக்கு என்ன நேரும் என்பவையெல்லாம் மொழியைப் பற்றிய கேள்விகள். அவற்றைக் கொள்முதல் பிரிவின் தலையில் கட்டிவிட்டு நாம் கவிதை பேசிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவும் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. இனி நடக்கப்போவது நமக்குத் தெரிந்ததுதான். ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். அட்டைப்பெட்டிகள் வந்திறங்கும். பழைய கணினிகள் மாடிப்படிக்குக் கீழே அடுக்கப்பட்டு, ஒருநாள் ஏலத்தில் எடைக்குப் போகும். அவற்றின் வயிற்றில் இருந்தவை என்னவாயின என்று கேட்பார் இல்லை.

எங்கள் வாதம் இது: நம் நகர நிர்வாகங்கள் கருவியை மாற்றுவதையே தொழில்நுட்ப மாற்றம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. மாற்ற வேண்டியது கருவியை. கரைசேர்க்க வேண்டியது எழுத்தை. முதலாவதற்கு நிதியும் விழாவும் உண்டு. இரண்டாவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்புகூட இருப்பதில்லை.

*

கடலூரையும் சிதம்பரத்தையும் முன்வைத்து இதைப் பேசுகிறோம். கடலூர் நகராட்சி 1866இல் அமைந்தது. 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சிதம்பரம் நகராட்சி 1873இல் தோன்றியது. இவற்றுக்கும் முந்தைய எழுத்துகள் கடலூருக்கு உண்டு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டிய தொலைவு வரையிலான நிலமும் அதனோடு சேர்ந்தது. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. புனித டேவிட் கோட்டை என்று கம்பெனியார் அழைத்த அந்தக் கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. ஆனால் 1740களில் அங்கே நடந்த ஆலோசனைகளின் குறிப்பேடுகள் சென்னை ஆவணக் காப்பகத்தாரால் அச்சிடப்பட்டு இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கோட்டை போயிற்று, கம்பெனி போயிற்று, எழுதிய இறகும் மையும் போயின. எழுத்து இருக்கிறது.

இதனோடு ஒப்பிட, 2003ஆம் ஆண்டில் ஏதோ ஒரு தமிழக நகராட்சியில் ஓர் எழுத்தர் தட்டச்சு செய்து நெகிழ்வட்டில் சேமித்து வைத்த தீர்மானத்தை எண்ணிப் பாருங்கள். அந்த வட்டைச் செருகும் வாய் இன்றைய கணினியில் இல்லை. வாய் கிடைத்தாலும் வட்டு படிக்கப்படும் என்பதற்கு உறுதி இல்லை. அதுவும் நடந்துவிட்டால், திரையில் தோன்றுவது தமிழாக இராது.

ஏன் தமிழாக இராது? இங்கேதான் தமிழ் வாசகர்களுக்குரிய தனித் துயரம் தொடங்குகிறது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தால் இயங்கின. கணினிக்குத் தமிழ் தெரியாது. எனவே ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவிட்டார்கள். தமிழக அரசு அலுவலகங்களில் மிகப் பரவலாக வழங்கிய வானவில் எழுத்துருவிலும், ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் புழங்கிய பாமினியிலும், ‘அரசு’ என்ற சொல்லை எழுதினால் கோப்பில் பதிவாவது எம், யு, ஆர் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு அந்தக் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் வரை அவை ‘அரசு’ என்று காட்சி தரும். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் முகமூடி கழன்றுவிடும். தமிழை ஆட்சிமொழியாக 1956இல் சட்டம் செய்த ஒரு மாநிலத்தில், ‘அரசு’ என்ற சொல்லே அரசின் பழைய கோப்புகளுக்குள் இல்லை என்பது நகைச்சுவை அன்று.

இதன் விளைவுகள் நடைமுறையானவை. ஒருவர் தம் தாத்தாவின் பெயரைத் தேடினால் கணினி இல்லை என்கிறது. பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில எழுத்துகளின் வரிசையில் அடுக்குகிறது. இணையத்தில் வெளியிட்ட அரசாணையைத் தேடுபொறியால் கண்டுபிடிக்க முடிவதில்லை. அச்சிட்டால் அழகாக இருக்கிறது என்பதால் அலுவலகத்தில் எவருக்கும் குறை தெரிவதில்லை. கணினியை வாங்கி, அதைத் தட்டச்சுப்பொறியாகவே பயன்படுத்தியதன் பலன் இது.

தட்டச்சுப்பொறியை நாங்கள் இகழவில்லை. யாழ்ப்பாணத்து முத்தையா வடிவமைத்த விசைப்பலகை அரை நூற்றாண்டுக்கு மேல் நம் அலுவலகங்களை நடத்திற்று. ஆனால் ஒரு வேறுபாட்டை நம் நிர்வாகிகள் உணரவே இல்லை. தட்டச்சுப்பொறி கெட்டால் அதில் அடித்த தாள் கெடவில்லை. ரெமிங்டனைத் தூக்கி எறிந்துவிட்டு கோத்ரெஜ் வாங்கினால் பழைய கோப்பு மாறாமல் அலமாரியில் இருந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ‘னை’யும் ‘லை’யும் உருமாறியபோதும் பழைய தாளைப் படிக்க எவருக்கும் தடை இருக்கவில்லை. கருவியின் ஆயுளும் எழுத்தின் ஆயுளும் வேறு வேறாக இருந்தன. கணினியில் அவ்விரண்டும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. யாரேனும் முனைந்து பிரித்தெடுத்தால் ஒழிய, கருவியோடு எழுத்தும் உடன்கட்டை ஏறும்.

காகிதக் காலத்து அலுவலகத்துக்கு இந்த அறிவு இருந்தது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் ஒவ்வொரு கோப்புக்கும் ஆயுள் விதித்தது: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். எதை அழிப்பது, எதைக் காப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்த பிறகுதான் கோப்பு பதிவறைக்குப் போயிற்று. இன்று நி.மு. என்று முத்திரையிடத்தக்க ஆவணம், சில ஆண்டுகளே உழைக்கக்கூடிய வன்வட்டில் கிடக்கிறது. அந்த வட்டுக்கு யாரும் ஆயுள் குறிக்கவில்லை.

*

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக்கப்பட்டன. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, ஒருங்குறியும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆணை பிறக்கவே ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின. பிறந்த ஆணையும் இனி எழுதுவது எப்படி என்பதற்குத்தான் வழிகாட்டிற்று. அதற்குப் பின்னரும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் கோலோச்சின. ஏற்கெனவே எழுதிக் குவித்ததைக் கரையேற்றும் வேலை ஒவ்வோர் அலுவலகத்தின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டது. நல்லெண்ணம் நிதி ஒதுக்கீடு ஆகாது.

இது முடியாத காரியமா? மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியின் நூல்கள் முதலில் மயிலை, இணைமதி எழுத்துருக்களில் இருந்தன. பின்னர் திஸ்கிக்கு மாறின. அதன் பின்னர் ஒருங்குறிக்கு. ஊதியமில்லாத சிலர், நாடுகள் தோறும் சிதறியிருந்து, தங்கள் நூலகம் முழுவதையும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிய கரைக்குக் கொண்டுசேர்த்தார்கள். அதனால்தான் இன்று சங்கப் பாடலை நம் கைப்பேசியில் படிக்கிறோம். தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் செய்து முடித்ததை, ஆணையரும் பொறியாளரும் ஊதியமும் உள்ள அலுவலகங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

கருவி மாற்றத்திலும் இதே கதைதான். 2006-07 வாக்கில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறத் துணிந்தது. அந்தத் துணிவு மற்றத் துறைகளுக்குப் பரவி வேர்விடவில்லை. 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுக்கு வரும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. ஆயினும் கடைசித் தறுவாயில்தான் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு துறைகளுக்கு அறிவுரை போயிற்று. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகைச் சுற்றியபோது, கேரளத்தின் வயநாட்டில் ஓர் ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் அதற்கு இரையாயின. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறையே பணயத் தீநிரலால் தாக்கப்பட்டது. தலைமைச் செயலகத்துக்கு நேர்ந்தது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நேராது என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

*

நாங்கள் கேட்டுச் சலித்த சமாதானங்கள் மூன்று.

முதலாவது, ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்பது. இது சிக்கனம் போலத் தோன்றும். பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதிலிருந்து எழுத்தை எடுக்க முடியும். நின்ற பிறகு எடுப்பதற்கு ஆகும் செலவு பல மடங்கு. சில வேளை எந்தச் செலவிலும் முடியாது. பழைய செயலியை எழுதிய ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டியிருப்பார். அதன் கடவுச்சொல் பணி ஓய்வு பெற்றவரின் நினைவில் மட்டும் இருக்கும். ஓடுகிற வரை ஓடட்டும் என்பதன் பொருள், நிற்கும் நாளைக்கு அடுத்து வரும் அதிகாரி பாடுபடட்டும் என்பதே.

இரண்டாவது, ‘எல்லாம் மையச் சர்வரில் இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்பது. இணையவழி வரி செலுத்துவதும் சான்றிதழ் பெறுவதும் நல்ல மாற்றங்கள். அவற்றைப் பயன்படுத்தி நாங்களும் பலனடைகிறோம். ஆனால் மையத்தில் இருப்பது மையம் தோன்றிய பிறகு எழுதியதும், அதற்குமுன் யாரோ ஏற்றியதும் மட்டுமே. ஏற்றப்படாதவை எத்தனை, ஏற்றியவற்றில் பிழை எத்தனை என்ற கணக்கை மக்கள் முன் வைத்த பின்புதான் கவலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வரும். மையமும் ஒரு கணினிதான். அதுவும் மூப்படையும்.

மூன்றாவது சமாதானம் எங்கள் இலக்கிய நண்பர்களுடையது: ‘காகிதமே மேல்’. இவர்கள் கடலூரில் வாழ்ந்து பார்க்க வேண்டும். 2004இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015இல் பெருமழை, 2024இல் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையின் வெள்ளம் என்று இருபது ஆண்டுகளில் நான்கு முறை நீரும் காற்றும் தாக்கிய ஊர் இது. ஒரே படியாக இருக்கும் காகிதப் பதிவேடு இத்தகைய ஊரில் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளத்தில் வைத்த ஒரே கணினியும் அதே பாடுதான் படும். காகிதமா கணினியா என்பது இங்கே பொய்யான வழக்கு. ஒரு படியா, பல படிகளா என்பதே மெய்யான வழக்கு.

இந்தப் பாடத்தைத் தமிழுக்கு முதலில் கற்பித்த ஊர் சிதம்பரம். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையில் பூட்டிக் கிடக்க, இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அதைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்தோம் என்று இறைவன் வாக்கு எழுந்ததாம். இறைவன் அப்படிச் சொல்லலாம். நகராட்சி ஆணையர் சொல்ல முடியாது. பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே அந்தக் கதை நமக்குத் தரும் பாடம். நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது என்று அறிந்தவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்தார்கள். படியெடுத்தவர் பிழை செய்வார் என்று அறிந்ததால் ஒப்பிட்டும் பார்த்தார்கள். 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராயிருந்த உ.வே.சாமிநாதையர் தம் வாழ்நாளெல்லாம் செய்த பணியும் இதுவே. ஓர் ஏட்டை நம்பாமல் பல ஏடுகளை வைத்துக்கொண்டு பாடம் ஒப்புநோக்கினார். ஏடு மாறலாம், எழுத்து மாறக்கூடாது என்ற விதியை நம் முன்னோர் கணினி இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

*

ஒரு பழைய கோப்பு படிக்க முடியாமற்போனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தைச் சுட்டுகிறோம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அந்நாள் முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழ். ஒரு மனிதரின் வாழ்க்கையை நகராட்சிப் பதிவேட்டின் ஒற்றை வரியில் கட்டிவிட்டோம். அந்த வரியைக் காப்பது எவர் பொறுப்பு?

சட்டம் அதற்கும் விடை வைத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் ஏழாம் பிரிவு, மின்னணு ஆவணம் பிற்காலத்திலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் நான்காம் பிரிவு, பதிவுகளை அட்டவணைப்படுத்திக் கணினிமயமாக்குவதைப் பொது அமைப்புகளின் கடமையாக்குகிறது. திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் கோப்பு எந்த வகையில் ‘பயன்படுத்தும்படி’ இருக்கிறது? தேடினால் பெயர் கிடைக்காத பட்டியலை எந்த வகையில் அட்டவணை என்பது?

எனவே கடலூர் மாநகராட்சியின் முன்னும் சிதம்பரம் நகராட்சியின் முன்னும், அவற்றுக்கு மேலுள்ள நகராட்சி நிர்வாக இயக்குநரகத்தின் முன்னும் எங்கள் கோரிக்கைகளை வைக்கிறோம்.

எந்தப் பிரிவில் எந்தக் கணினி, எந்தச் செயலி, எந்த ஆண்டில் வாங்கியது, அதன் ஆதரவு எந்த நாளில் முடிகிறது என்ற பதிவேடு ஒன்றை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். பழைய கணினியை ஏலம் விடுமுன் அதிலுள்ள தமிழ்க் கோப்புகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டு, வன்வட்டு முறையாக அழிக்கப்பட்டதாகப் பொறுப்பான அலுவலர் கையொப்பமிட வேண்டும். மாற்றும் மென்பொருளைத் தமிழ் இணையக் கல்விக்கழகமே இலவசமாக வழங்குகிறது. ஆனால் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்துவிடாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்பில் மாற்றி தடுமாறும். ஆங்கிலத்தில் எழுதிய தலைப்பெழுத்தைத் தமிழ் எழுத்து என்று கொண்டுவிடும். பெயர்ப் பட்டியலில் அந்த ஓரெழுத்துப் பிழை ஒருவரை வேறொருவர் ஆக்கிவிடும். ஆகவே மெய்ப்புத் திருத்துவோர் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. தமிழ் படித்த இளைஞர்களுக்கு ஊதியம் தந்து இப்பணியில் அமர்த்துவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

மேலும், புதிய செயலிக்கு ஒப்பந்தம் போடும்போதே, தரவு முழுவதும் நகராட்சிக்கே உரியது, எவரும் படிக்கத்தக்க திறந்த வடிவில் கேட்டபோது ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்க்க வேண்டும். காகிதக் கோப்புக்குப் போல மின்கோப்புக்கும் ஆயுள் குறிக்க வேண்டும். நிரந்தரக் கோப்புகளின் படி ஒன்று கடற்கரையை விட்டு விலகிய வேறோர் ஊரில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து, படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இவையனைத்துக்கும் கணினி வாங்கும் தொகையிலேயே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். கரையேற்றும் செலவைச் சேர்க்காத எந்த மதிப்பீட்டுக்கும் மன்றம் ஒப்புதல் அளிக்கக்கூடாது.

இவற்றுள் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பைக் கோரவில்லை. பழைய பதிவறை எழுத்தரின் ஒழுங்கும், ஏடு பார்த்துப் படியெடுத்தவரின் கண்ணும், கொஞ்சம் பணமும் போதும். அடுத்த முறை நகராட்சி வாசலில் புதிய கணினிகள் வந்திறங்கும்போது அவற்றின் எண்ணிக்கையை யாரும் பெருமையாகச் சொன்னால், ஊரார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பழையவற்றிலிருந்து எத்தனை பக்கம் கரை சேர்ந்தது?